216-ஐயே வைத்துக்கொள்வதா, 235-க்கு மாறுவதா? பழைய செவர்லே பிக்கப்பின் ஆறு சிலிண்டர் எஞ்சினுக்கு நான்கு வழிகள்

1947 முதல் 1953 வரை வந்த செவர்லே அரை டன் பிக்கப்பின் பானட்டைத் திறந்தால், யாரும் மாற்றாமல் இருந்தால், உள்ளே இருப்பது 216 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சின். வரிசை ஆறு, மேல்வால்வு, நான்கு மெயின் பேரிங். அமெரிக்கர்கள் இந்தக் குடும்பத்துக்கே ‘ஸ்டவ்போல்ட்’ என்று செல்லப்பெயர் வைத்திருக்கிறார்கள். டொயோட்டா 1935-இல் தன் முதல் எஞ்சினைச் செய்தபோது முன்னால் வைத்துக்கொண்டதும் இதே குடும்பத்து செவர்லே ஆறைத்தான்.

எழுபது வருடம் ஓடிய எஞ்சின் தட்ட ஆரம்பித்ததும் வண்டிக்காரர் முன்னால் நான்கு வழிகள் நிற்கும். 216-ஐயே புதுப்பிக்கலாம். 1954–62 காலத்து 235-ஐ இறக்கலாம். லாரியில் வந்த 261-ஐத் தேடலாம். அல்லது 1960-களில் வந்த புதிய தலைமுறை 250, 292 பக்கம் போய்விடலாம். பெரும்பாலானோர் குதிரைத்திறனைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். அது கடைசியாகப் பார்க்க வேண்டிய கணக்கு. முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு: பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் ராடின் பேரிங்குக்கு ஆயில் எப்படிப் போய்ச் சேர்கிறது, பின் ஆக்ஸிலின் கியர் விகிதம் என்ன.

இரண்டாவதை முதலில் முடித்துவிடலாம். அரை டன் வண்டியில் வந்தது 4.11 விகிதம். 28 அங்குல விட்டமுள்ள டயரோடு மணிக்கு 55 மைல் போனால் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 2,700 சுற்று சுற்றும். அதே வேகத்தில் 3.55 விகிதம் போட்டால் 2,300. இந்த 400 சுற்றுதான் 216-க்கு வாழ்வும் சாவும். முக்கால் டன்னில் 4.57, ஒரு டன்னில் 5.14 என்று வந்ததால் அவற்றின் நிலை இன்னும் மோசம். அந்த வண்டிகளில் எந்த எஞ்சினைப் போட்டாலும் ஹைவேயில் கதறத்தான் செய்யும்.

216: கெட்ட எஞ்சின் அல்ல, வேறு காலத்து எஞ்சின்

போர், அதாவது சிலிண்டர் விட்டம், 3½ அங்குலம், பிஸ்டன் நகரும் தூரமான ஸ்ட்ரோக் 3¾, கம்ப்ரஷன் 6.6-க்கு 1, திறன் 90-ஐ ஒட்டி. பிஸ்டன் வார்ப்பிரும்பு. ராடு பேரிங் தனி ஷெல்லாக வராது. பாபிட் என்ற மென்மையான உலோகக் கலவையை ராடிலேயே உருக்கி ஊற்றியிருப்பார்கள். மெயின் பேரிங்குக்கு பம்ப் ஆயிலை அழுத்தித் தரும். ராடுக்குத் தராது. ஒவ்வொரு ராடு கேப்பின் அடியிலும் ஒரு சின்னக் கரண்டி துருத்திக்கொண்டிருக்கும். மெதுவாக ஓடும்போது அது, எஞ்சின் அடியில் ஆயில் தேங்கும் சம்புக்குள் இருக்கும் தொட்டியில் முங்கி ஆயிலை அள்ளும். வேகம் கூடினால் சம்பின் பக்கத்திலிருந்து நாசில்கள் பீய்ச்சும் ஆயில், சுற்றிவரும் கரண்டியின் வாயில் வந்து விழும். நாசிலின் குறி கொஞ்சம் தப்பினாலும் அந்த ராடு பட்டினி. தொட்டியின் ஆழத்தையும் நாசிலின் குறியையும் பார்க்க அந்தக் காலத்தில் தனி அளவுகோலே இருந்தது. சம்பைக் கழற்றி மாட்டும் பலர் இதைச் சரிபார்ப்பதே இல்லை. ‘போன மாசம்தான் சம்ப் கேஸ்கட் மாற்றினேன், இந்த மாசம் ராடு தட்டுகிறது’ என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் காரணம், கழற்றும்போது நசுங்கிய தொட்டி அல்லது வளைந்த நாசில்.

ஆயில் அழுத்தத்தைப் பார்த்துப் பதற வேண்டாம். 216-இன் மீட்டர் சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு வரைதான் காட்டும். ஓட்டத்தில் 14 பவுண்டுப் பக்கம் நின்றால் அது ஆரோக்கியம்.

எஞ்சின் தட்டுகிறதா என்றால் உடனே தூக்கி வெளியே போட வேண்டியதில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது ஸ்பார்க் பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாக எர்த் பண்ணுங்கள். எந்தச் சிலிண்டரில் தட்டல் அடங்குகிறதோ அதுதான் குற்றவாளி. சம்பை இறக்கி அடியில் பாருங்கள். ஈயப் பொடி போல வெள்ளிச் செதில் கிடந்தால் பாபிட் உதிர்கிறது, அந்த ராடை மறுபடி வார்க்க வேண்டியதுதான். செதில் இல்லாமல் வெறும் தேய்மானம் என்றால், ராடுக்கும் கேப்புக்கும் நடுவே இருபுறமும் அடுக்கியிருக்கும் ஷிம் காப்பாற்றும். ஒரு ஷிம் 0.002 அங்குலம். ஒவ்வொரு பக்கமும் ஒன்றாக எடுத்துவிட்டுக் கேப்பை முழுசாக முறுக்கி, ராடைக் கையால் ஜர்னலின் (ராடு உட்காரும் கிராங்க் பகுதியின்) நீளவாக்கில் முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். ‘டக்’ என்று நகர்ந்தால் சரியான இடைவெளி. பிடித்துக்கொண்டு நகர மறுத்தால் அதிகமாக எடுத்துவிட்டீர்கள், ஒரு ஷிம்மைத் திருப்பி வையுங்கள். தொளதொளவென்று ஆடினால் இன்னொன்றை எடுங்கள். ஜர்னல் முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்தால் மட்டும் இந்த வித்தை பலிக்காது. அதனால் முதலில் மைக்ரோமீட்டரை இரண்டு திசையில் வைத்து அளந்துவிடுங்கள்.

பாபிட் வார்க்கும் பட்டறைகள் அமெரிக்காவில் இன்னும் இருக்கின்றன, ஆனால் வரிசையில் காத்திருக்க வேண்டும். ஆறு ராடும் வார்த்து, போர் போட்டு, பிஸ்டன் வாங்கி முடிக்கும்போது செலவு ஒரு 235-ஐப் புதுப்பிப்பதைத் தாண்டிவிடும். அத்தனையும் செய்த பிறகும் கரண்டியால் அள்ளும் எஞ்சின்தான் கையில் இருக்கும். ஊருக்குள், கிராமச் சாலையில், மணிக்கு 45–50 மைலுக்குள் ஓட்டுபவருக்கும், வண்டியை வந்த மாதிரியே வைத்திருக்க விரும்புபவருக்கும் 216 போதும். மற்றவர்களுக்கு நான் சொல்வது 235.

235: எது நல்லது, எது பொறி

235-இன் போர் 3 9/16, ஸ்ட்ரோக் 3 15/16. வெளித்தோற்றம், நீளம், பெல் ஹவுசிங் போல்ட் எல்லாம் 216-ஓடு ஒத்துப்போகும். 1954 முதல் எல்லா 235-இலும் ராடுக்கும் அழுத்த ஆயில், மாற்றக்கூடிய இன்சர்ட் பேரிங், அலுமினியப் பிஸ்டன். 1954 பிக்கப்பில் 112 குதிரைத்திறன், கம்ப்ரஷன் 7.5.

பொறி எங்கே என்றால், ‘235’ என்ற பெயர் 1941-லேயே பெரிய லாரிகளில் வந்துவிட்டது. அந்தப் பழைய 235-உம் பாபிட், அதுவும் கரண்டி. 1953 கார்களில் இன்னும் குழப்பம்: பவர்கிளைட் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸோடு வந்ததில் மட்டும் முழு அழுத்த ஆயில், கையால் கியர் மாற்றும் காரில் பாபிட். விற்பவர் ‘235 சார்’ என்றால் அதோடு பேரம் பேச உட்காராதீர்கள். வால்வு கவரைப் பாருங்கள். உச்சியில் இரண்டு நட்டு போட்டு இறுக்கியிருந்தால் 1953 அல்லது அதற்கு முந்தியது. அடி விளிம்பில் நான்கு ஸ்க்ரூ இருந்தால் 1954-க்குப் பிந்தையது. பிளாக்கில் வார்ப்பு எண்ணுக்கு அருகே தேதிக் குறியும் இருக்கும். ‘C 14 7’ என்றால் மூன்றாம் மாதம், 14-ஆம் தேதி, 7-இல் முடியும் வருடம். இது பிளாக் வார்த்த தேதி. ஹெட்டின் தேதி சில நாள், சில வாரம் தள்ளியிருப்பது இயல்பு; வெகுவாகத் தள்ளியிருந்தால் எங்கோ ஒருமுறை மாற்றியிருக்கலாம். சந்தேகம் தீரவில்லையா, சம்பை இறக்குங்கள். ராடு கேப்பில் கரண்டி இருந்தால் அப்படியே திருப்பி மாட்டிவிட்டு வாருங்கள்.

இன்னொரு வித்தியாசம் டேப்பட், அதாவது கேம் ஷாஃப்ட்டின் அசைவை வால்வுக்குக் கொண்டுபோகும் லிஃப்டர். பிக்கப்பில் வந்தது சாலிட் லிஃப்டர். பவர்கிளைட் காரில் வந்ததில் ஹைட்ராலிக். ஹைட்ராலிக் சத்தமில்லாமல் ஓடும், ஆனால் வருடக்கணக்கில் சும்மா நின்ற எஞ்சினில் ஒட்டிக்கொண்டிருக்கும். சாலிட் லிஃப்டருக்கான கேமையும் ஹைட்ராலிக் லிஃப்டரையும் கலந்து மாட்டாதீர்கள்.

வாங்கும் எஞ்சின் சிக்கி நின்றால் பயப்பட வேண்டாம், விலை குறையும். பிளக்கைக் கழற்றி, ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஆயிலும் அசிட்டோனும் சரிபாதி கலந்து ஒவ்வொரு சிலிண்டரிலும் ஊற்றி ஒரு வாரம் விடுங்கள். பிறகு ஃப்ளைவீல் பல்லில் கடப்பாரை கொடுத்து இப்படியும் அப்படியும் ஆட்டுங்கள். முன்னால் கிராங்க் புல்லியைப் பிடித்துச் சுற்றப் பார்க்காதீர்கள். பல எஞ்சின்களில் அது வெறும் அழுத்தத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது, நடுவில் போல்ட் கிடையாது.

விரிசல் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். 235 ஹெட்டில் வால்வு சீட்டுகளுக்கு இடையே விரிசல் விழுவது சகஜம். பனிக்காலத்தில் தண்ணீர் உறைந்து பிளாக்கின் பக்கவாட்டு வெடித்திருப்பதும் சகஜம், பெயின்டும் எபாக்சியும் அதை மறைத்துவிடும். ஹெட்டைக் காந்தத் தூள் சோதனைக்கும் பிளாக்கைப் பிரஷர் சோதனைக்கும் அனுப்பிய பிறகுதான் போர் போடும் பேச்சே. ஓவர்சைஸ் 0.060 அங்குலம் வரை வழக்கமாகப் போகிறார்கள். அளந்து பார்க்காமல் முதலில் பிஸ்டன் செட்டை வாங்கிவிட்டு, போர் பட்டறையில் ‘இது அந்த அளவுக்குத் தாங்காது’ என்று கேட்டுத் திரும்புவது வேண்டாத செலவு.

இறக்கும்போது எங்கே இடிக்கும்

1954-இன் 235 கிடைத்தால் சொந்த எஞ்சின் மாதிரி உட்காரும். 1955–62 எஞ்சின் எளிதில் கிடைக்கும், ஆனால் நான்கு இடத்தில் தகராறு பண்ணும்.

வாட்டர் பம்ப்: 1955-இலிருந்து பம்பின் வடிவமும் விசிறியின் இடமும் மாறிவிட்டது, பழைய ரேடியேட்டரோடு ஒத்துப்போகாது. பழைய வடிவப் பம்பைப் புதிய பிளாக்கில் மாட்ட ஒரு அடாப்டர் தகடு விற்கிறார்கள். ரேடியேட்டரை வெட்டி நகர்த்துவதை விட இது ஆயிரம் மடங்கு மேல். அதோடு பெல்ட்டையும் பாருங்கள். பழையது அகல பெல்ட், பிந்தையது குறுகல். கிராங்க், விசிறி, ஜெனரேட்டர் மூன்று புல்லியும் ஒரே அகலம், ஒரே கோடு.

முன் தகடு: டைமிங் கவருக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் இந்தத் தகடுதான் பிக்கப்பில் முன் மவுண்டைத் தாங்குகிறது. காரிலிருந்து எடுத்த எஞ்சினில் இது வேறு. உங்கள் 216-இன் தகட்டையே மாட்ட வேண்டும். கேம் கியர் அதன் மேல் உட்கார்ந்திருப்பதால் கேமையே உருவினால்தான் தகடு வெளியே வரும். கேம் கியர் கேமில் பிரஸ் செய்யப்பட்டது, நார்ப்பொருள் பல் கொண்டது. எஞ்சின் வெளியே இருக்கும்போதே புதிது போட்டுவிடுங்கள்.

ஃப்ளைவீல், பெல் ஹவுசிங், ஸ்டார்ட்டர்: மூன்றும் ஒரே குடும்பம், பிரிக்கக்கூடாது. 6 வோல்ட் காலத்து ஃப்ளைவீலில் 139 பல், 12 வோல்ட் காலத்தில் 168. ஒன்றின் ஸ்டார்ட்டரை மற்றொன்றின் பல்லில் விட்டால் ஒரே வாரத்தில் இரண்டும் மொட்டை. 216-இன் செட் முழுவதையும் 235-க்கு மாற்றிக்கொண்டால் காலால் மிதிக்கும் ஸ்டார்ட்டர், பின் மவுண்ட், கிளட்ச் பெடல் எல்லாம் அப்படியே வேலை செய்யும். எஞ்சினுக்கு 6 வோல்ட்டா 12 வோல்ட்டா என்ற கவலை கிடையாது.

ஆயில் மீட்டர்: இதை எல்லோரும் மறக்கிறார்கள். 235 நல்ல நிலையில் 30–45 பவுண்டு தரும். 30 வரை காட்டும் பழைய மீட்டர் முள் கடைசியில் போய் ஒட்டிக்கொள்ளும், உள்ளே குழாய் கெட்டுவிடும். 60 பவுண்டு மீட்டர் போடுங்கள்.

ஓட ஆரம்பித்ததும் முதலில் வால்வு கவரைத் திறந்து, வால்வை அழுத்தித் திறக்கும் ராக்கருக்கு ஆயில் ஏறுகிறதா என்று கண்ணால் பாருங்கள். இந்த எஞ்சின்களின் தீராத வியாதி அது. பிளாக்கிலிருந்து ஹெட்டுக்குப் போகும் மெல்லிய ஆயில் குழாய் சகதியில் அடைத்துக்கொள்ளும். கீழே மீட்டர் நல்ல அழுத்தம் காட்டும், மேலே ராக்கர் காய்ந்து கீச்சிட்டு ஷாஃப்ட்டைத் தின்றுகொண்டிருக்கும். வெளியிலிருந்து தனிக் குழாய் போட்டு ஏற்றுபவர்களும் உண்டு. குழாயைக் கழற்றிக் கம்பி விட்டுச் சுத்தம் செய்து, தேய்ந்த ஷாஃப்ட்டைத் திருத்துவதே சரியான வழி.

புதுக் கேம் என்றால் துத்தநாகம் அதிகமுள்ள ஆயிலை ஊற்றி, ஸ்டார்ட் ஆனவுடன் 20 நிமிடம் 2,000 சுற்றுக்குக் குறையாமல் ஓட விடுங்கள். ஐடிலில் விட்டால் கேம் லோப் தேய்ந்து போகும். 235-இல் வரும் ஆயில் ஃபில்டர் பைபாஸ் வகை, ஆயிலில் ஒரு பங்கைத்தான் வடிக்கும். அதனால் 1,000–1,500 மைலுக்கு ஒருமுறை ஆயில் மாற்றுவது வீண் செலவல்ல. ரேடியேட்டர் மூடியில் 15 பவுண்டு போட்டுக் கெடுக்காதீர்கள். பழைய தகரத் தையல் 4 பவுண்டுக்கு மேல் தாங்காது.

261: கிடைத்தால் விடாதீர்கள், ஆனால் அலையாதீர்கள்

1954 முதல் 1962 வரை கனரக லாரிகளுக்குக் கொடுத்தது. போர் 3¾, ஸ்ட்ரோக் 235-இன் அதே 3 15/16. 1954-லேயே 135 குதிரைத்திறன். கனடாவில் பான்டியாக் கார்களிலும் இதைப் போட்டார்கள். இன்று கிடைப்பது பெரும்பாலும் தானிய லாரி, பள்ளிப் பேருந்து மிச்சங்களில். வெளியிலிருந்து 235 போலவே இருப்பதால், விற்பவருக்கே தெரியாமல் 235 விலைக்குக் கைக்கு வருவதும் உண்டு.

இதில் ஒரே ஒரு சூட்சுமம். போர் பெரிதானதால் சிலிண்டர்களுக்கு நடுவே தண்ணீர் ஓட இடமில்லை. அதை ஈடுகட்டப் பிளாக்கிலும் ஹெட்டிலும் சின்ன நீராவித் துளைகள் வைத்தார்கள். 1956–62 235-இன் 3836848 ஹெட்டை, எல்லோரும் ‘848’ என்பார்கள், 261-இல் மாட்டினால் கம்ப்ரஷன் ஏறும், வண்டி துள்ளும். ஆனால் அந்த ஹெட்டில் நீராவித் துளை கிடையாது. துளைபோடாமல் மாட்டினால் சிலிண்டர்களுக்கு நடுவே ஆவி தங்கி, முதலில் கேஸ்கட், பிறகு ஹெட் போகும். 261 கேஸ்கட்டை ஹெட்டின் மேல் வைத்துக் குறித்து, டிரில் பிரஸ்ஸில் துளைபோட வேண்டும். கையில் டிரில் பிடித்துக் குத்துகிற வேலை அல்ல. 848 ஹெட் 216-க்குப் பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நல்ல 235 கையில் இருக்க, 26 கன அங்குலத்துக்காக வருடக்கணக்கில் 261 தேடுவது பொழுதுபோக்கு, அவசியம் அல்ல. பாரம் இழுப்பவருக்கு மட்டும் அந்த வித்தியாசம் பெடலில் தெரியும்.

250, 292: எஞ்சின் நல்லது, வேலை பெரிது

1962-இல் தொடங்கிய புதிய வரிசையில் ஏழு மெயின் பேரிங். பெல் ஹவுசிங்கின் போல்ட் அமைப்பு செவர்லே வி-8-உடையதே என்பதால் அதற்கான கியர்பாக்ஸ்கள் பொருந்தும். பாகங்களும் எளிதில் கிடைக்கும். ஆனால் மவுண்ட், கிளட்ச் இணைப்பு, ரேடியேட்டர் இடைவெளி எல்லாம் நீங்களே செய்ய வேண்டும். அரை டன் பிக்கப்பில் 1954 வரை டிரைவ் ஷாஃப்ட் டார்க் டியூப் என்ற குழாய்க்குள் மூடியிருந்தது, வேறு கியர்பாக்ஸ் வேண்டுமென்றால் ஆக்ஸிலையும் மாற்றியாக வேண்டும். 292 உயரமான பிளாக், வலப்பக்க மவுண்ட் இடமும் வேறு. 250 வாங்கினால் 1975-க்கு முந்தியதாகப் பாருங்கள். அதற்குப் பிந்தைய பலவற்றில் இன்டேக் ஹெட்டோடே வார்க்கப்பட்டது, கார்புரேட்டர் பக்கம் எதையும் மாற்ற முடியாது. ஆக்ஸில் ஏற்கனவே மாற்றப்பட்ட வண்டி கையில் இருந்தால் ஒழிய இந்த வழி எனக்கு லாபமாகத் தெரியவில்லை.

காசு மிச்சமிருந்தால் எதில் போடுவது

முதலில் பின் ஆக்ஸிலில். 1950–53 பவர்கிளைட் கார்களின் 3.55 கியர் செட் அரை டன் வண்டியின் ஆக்ஸிலுக்குள் உட்காரும், புதிதாகவும் செய்து விற்கிறார்கள். டார்க் டியூபைத் தொட வேண்டாம். இரட்டைக் கார்புரேட்டரை விட இது தரும் நிம்மதி அதிகம்.

அடுத்து கார்புரேட்டர். 1950-இலிருந்து வந்த ரோசெஸ்டர் பி வகையின் மேல்மூடி ஸ்க்ரூவை இறுக்க இறுக்க வளையும், பெட்ரோல் கசியும், ஐடில் தடுமாறும். கண்ணாடி மேல் எமரி தாளை விரித்து மூடியைத் தேய்த்துச் சமப்படுத்தினால் சில வருடம் தாங்கும். நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால் கார்ட்டர் ஒய்.எஃப். இரட்டைக் கார்புரேட்டருக்கு ஆஃபன்ஹவுசர் இன்டேக், ஃபென்டன் வார்ப்பிரும்பு எக்ஸாஸ்ட் என்று ஜோடியாக வாங்குவார்கள். சத்தம் அருமை. ஆனால் பழைய மேனிஃபோல்டில் எக்ஸாஸ்ட் சூடுதான் இன்டேக்கைச் சூடாக்கிக்கொண்டிருந்தது, ஃபென்டன் போட்டதும் அது போய்விடும். ஈரக் குளிரில் கார்புரேட்டர் கழுத்தில் பனி கட்டி, எஞ்சின் இருமி இருமி நிற்கும். இன்டேக்கின் அடியில் ரேடியேட்டர் தண்ணீரை ஓடவிடும் தகட்டையும் அதே நாளில் வாங்கி மாட்டுங்கள்.

இக்னிஷனில் அவசரமில்லை. பாயின்ட் இடைவெளி ஒழுங்காக இருந்தால் இந்த எஞ்சினுக்கு அது போதும். எச்.இ.ஐ. என்ற மின்னணு இக்னிஷன் வேண்டுமென்றால் வண்டி 12 வோல்ட்டுக்கு மாறியிருக்க வேண்டும். எதைப் போட்டாலும் டைமிங் குறி புல்லியில் தேடாதீர்கள், பெல் ஹவுசிங்கின் ஜன்னல் வழியே தெரியும் ஃப்ளைவீலில் பதித்த எஃகுக் குண்டுதான் குறி. வெடிப்பு வரிசை 1-5-3-6-2-4. அந்தக் குண்டு முழுக்க அழுக்கில் புதைந்திருக்கும். கியர்பாக்ஸை மாட்டுவதற்கு முன்பே துடைத்து வெள்ளைப் பெயின்ட் ஒரு பொட்டு வைத்துவிடுங்கள், பிறகு கை எட்டாது.